வெட்டவெளியில் வாழும் விலங்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டு விலங்கு என்றதும் நம் மனதில் முதலில் வருவது மரங்கள்தான். ஆனால் நிலத்தில் வாழும் பாலூட்டிகளின் மிகப் பெரிய கூட்டங்களைப் பார்க்க வேண்டுமென்றால் மரமில்லாத இடங்களுக்குத்தான் போக வேண்டும். அந்தப் புல்வெளிகளையும் சமவெளிகளையும், அவற்றை ஒட்டிய சதுப்புகளையும் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

புல்வெளி என்பது காடு அழிந்துபோன இடம்தானே?

இல்லை. இந்த ஒரு தவறான எண்ணத்தால் புல்வெளிகளுக்கு நேர்ந்த கேடு கொஞ்சநஞ்சமில்லை. காட்டை வெட்டியதால் புல் முளைத்த இடங்களும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் ஆப்பிரிக்காவின் சவன்னாக்கள், மங்கோலியாவின் ஸ்டெப்பி, வட அமெரிக்காவின் பிரெய்ரி, பிரேசிலின் செராடோ எல்லாம் மனிதன் கோடரியைக் கையில் எடுப்பதற்கு வெகுகாலம் முன்பே இருந்த பழைய நிலங்கள். மழையின் அளவு, நீண்ட வறண்ட பருவம், அவ்வப்போது பிடிக்கும் தீ, ஓயாமல் மேயும் விலங்குகள் ஆகியவை சேர்ந்து அங்கே மரத்தை அடக்கிப் புல்லை வாழ வைக்கின்றன.

எதையெல்லாம் புல்வெளி என்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து, உலக நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை புல்வெளிதான். அத்தனை பெரிய நிலத்தை 'பொட்டல்', 'தரிசு' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். அங்கேயே பிறந்து அங்கேயே வாழும் விலங்குகள் நம் கண்ணில் படாமல் போவது அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது.

இத்தனை விலங்குகள் மேய்ந்தும் புல் ஏன் தீர்ந்துபோவதில்லை?

செடிகள் பெரும்பாலும் நுனியில் வளரும். நுனியைக் கடித்துவிட்டால் வளர்ச்சி தடைபடும். புல் அடியிலிருந்து வளர்வது. அதன் வளரும் பகுதி மண்ணை ஒட்டியோ மண்ணுக்குள்ளோ பத்திரமாக இருக்கும். மேலே கடித்தாலும், மிதித்தாலும், தீயில் கருகினாலும் அடியிலிருந்து மறுபடி தள்ளிக்கொண்டு வரும்.

புல்லுக்கு இன்னொரு காப்பும் உண்டு. அதன் இலைகளில் கண்ணாடித்தூள் போலச் சிலிக்கா துகள்கள் இருக்கின்றன. மெல்ல மெல்லப் பல் தேயும். அதற்கு ஈடுகொடுக்கத்தான் குதிரை இனங்களுக்கு அத்தனை நீளமான பற்கள். தேயத் தேய ஈறுக்குள்ளிருந்து மேலே வந்துகொண்டே இருக்கும்.

மேய்கிறவர்களுக்குள் ஒரு வரிசையும் இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் வரிக்குதிரைகள் உயரமான, முரட்டுத் தண்டுகளை முதலில் தின்று போகும். அவை அசைபோடுவதில்லை. சத்துக் குறைந்த புல்லானாலும் நிறையத் தின்று வேகமாகக் கடத்திவிடுகிற குடல் அவற்றுக்கு. பின்னாலேயே வரும் வில்டபீஸ்ட்கள் (மாட்டு முகமும் தாடியும் குதிரை வாலும் கொண்ட இரலை இனம்) நடுவிலுள்ள இலைகளைத் தின்னும். கடைசியில் வரும் தாம்சன் கஸல்கள் (சின்ன இரலை இனம்), புதிதாகத் துளிர்த்த குட்டைப் புல்லைப் பொறுக்கித் தின்னும். ஒன்று தின்று முடித்ததால்தான் அடுத்ததற்கு இரை வெளியே தெரிகிறது.

வெளிமான் மான் இனமா, இல்லையா?

கண்டிப்பாகச் சொன்னால் இல்லை. மானுக்குக் கொம்பு கிளைவிடும், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை விழுந்து மறுபடி முளைக்கும். வெளிமான், கஸல், வில்டபீஸ்ட் போன்ற இரலைகளுக்குக் கொம்பு கிளைவிடாது, ஆயுள் முழுக்க விழாது. மாடும் ஆடும் இவற்றுக்கு நெருங்கிய சொந்தம். ஆனால் 'வெளிமான்' என்ற பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும். இந்த விலங்கின் வீடு வெட்டவெளி என்று அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

ஒளிய ஒரு மரம்கூட இல்லாத இடத்தில் எப்படிப் பிழைக்கின்றன?

பல வழிகள். முதலாவது ஓட்டம். வட அமெரிக்காவின் பிராங்ஹார்ன் (இரலை போன்ற ஒரு மேயும் விலங்கு) மணிக்கு 85 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். இன்று அதைத் துரத்தும் எந்த விலங்குக்கும் அந்த வேகம் கிடையாது. முன்பு அங்கே வாழ்ந்து அழிந்துபோன, சிவிங்கிப்புலி போன்ற ஒரு வேட்டை விலங்கிடமிருந்து தப்பிப் பழகிய வேகம் அது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இவ்வளவு ஓடத் தெரிந்த பிராங்ஹார்ன், வேலியைத் தாண்டிக் குதிக்கத் தயங்கும். சமவெளியில் குதிக்க எதுவும் இருந்ததில்லை அல்லவா? கம்பிக்கு அடியில் நுழையப் பார்த்து மாட்டிக்கொள்ளும். அதனால் அங்கே பல இடங்களில் வேலியின் அடிக்கம்பியைக் கொஞ்சம் உயர்த்தி, முள்ளில்லாத கம்பியாக மாற்றுகிறார்கள். வேலியின் ஒரே ஒரு கம்பியை மாற்றினால் ஒரு மந்தைக்கே வழி கிடைக்கிறது.

இரண்டாவது, கண். நெருப்புக்கோழியின் கண் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் அகலம். அந்த உயரத்திலிருந்து அந்தக் கண்ணால் பார்த்தால் சிங்கம் நெருங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும். (அது மணலில் தலையைப் புதைக்கும் என்பது கட்டுக்கதை. தரையிலுள்ள கூட்டில் முட்டையைத் திருப்பிவிடத் தலையைத் தாழ்த்துவது தூரத்திலிருந்து அப்படித் தோன்றும்.)

மூன்றாவது, கூட்டம். பல தலைகள் மேயும்போது எப்போதும் ஒரு தலையாவது நிமிர்ந்திருக்கும்.

நான்காவது, வளை. பிரெய்ரி நாய் என்பது நாய் அல்ல, அணில் குடும்பத்தைச் சேர்ந்த கொறிவிலங்கு. அது தோண்டும் வளைகளில் பாம்பும், வளை ஆந்தையும், கருங்கால் ஃபெரட் என்ற மரநாய் இனமும் குடியிருக்கும். அந்த ஃபெரட் பிரெய்ரி நாயைத் தின்றே வாழ்வது. பிரெய்ரி நாய்களை விஷம் வைத்துக் கொன்றதில் அதுவும் அடியோடு அழிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். 1981இல் வயோமிங் மாநிலத்தில் ஒரு பண்ணை நாய் ஒன்றைக் கவ்விக்கொண்டு வீட்டுக்கு வந்தபோதுதான் ஒரு சிறு கூட்டம் மிச்சமிருப்பது தெரிந்தது. இன்று வாழும் கருங்கால் ஃபெரட்கள் எல்லாம் அந்தக் கூட்டத்திலிருந்து பிடித்து வளர்த்த சிலவற்றின் வழிவந்தவை.

வரிக்குதிரைக்கு வரி எதற்கு?

சிங்கத்தை ஏமாற்ற என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். இப்போது வலுவான சான்றுள்ள விளக்கம் ஈக்கள். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், சாதாரணக் குதிரைகளுக்கு வரி போட்ட போர்வை போர்த்திப் பார்த்தார்கள். கடிக்கும் ஈக்கள் அருகே வந்தன, ஆனால் வரியுள்ள இடத்தில் சரியாக இறங்க முடியவில்லை. வேகத்தைக் குறைக்காமல் மோதிப் போயின, அல்லது விலகிப் பறந்தன. போர்வையில்லாத தலையில் வழக்கம்போல உட்கார்ந்தன. ஆப்பிரிக்காவில் ஈக்கடி என்பது வெறும் எரிச்சல் இல்லை. உயிர்க்கொல்லி நோய்களைப் பரப்புவதும் அந்த ஈக்கள்தான்.

செரெங்கெட்டியின் பெரும் வலசை ஏன் நடக்கிறது?

மழையைத் தேடி, புல்லைத் தேடி. ஆனால் பதில் இதோடு முடிவதில்லை. ஏறக்குறைய 13 லட்சம் வில்டபீஸ்ட்களும், அவற்றோடு லட்சக்கணக்கில் வரிக்குதிரைகளும் கஸல்களும் ஆண்டு முழுக்கச் சுற்றிவருகின்றன. தெற்கே உள்ள குட்டைப் புல் சமவெளியின் மண் எரிமலைச் சாம்பலால் ஆனது. கால்சியமும் பாஸ்பரசும் நிறைந்தது. பால் கொடுக்கும் தாய்க்கு வேண்டியது அதுதான். அதனால் மழைக்காலத்தில் அங்கே வந்து, பிப்ரவரியை ஒட்டிய இரண்டு மூன்று வாரங்களுக்குள் பெரும்பாலான கன்றுகளை ஈன்றுவிடுகின்றன. பிறந்த கன்று சில நிமிடங்களில் எழுந்து நிற்கும், அப்புறம் தாயோடு ஓடும். ஒரே நேரத்தில் இத்தனை கன்றுகள் பிறப்பதால் சிங்கமும் கழுதைப்புலியும் எவ்வளவு தின்றாலும் பெரும்பகுதி தப்பிவிடும்.

தெற்கில் தண்ணீர் வற்றியதும் வடக்கே நகர்ந்து, ஜூலையிலிருந்து அக்டோபர் வரை மாரா ஆற்றைக் கடக்கின்றன. முதலை பிடிப்பதைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். உண்மையில் அதைவிட அதிகமாக மூழ்கி இறக்கின்றன. ஆண்டுக்குச் சராசரியாக 6,000க்கு மேல் மூழ்குவதாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்த உடல்களைப் பிணந்தின்னிக் கழுகுகளும் பெருநாரைகளும் மீன்களும் தின்னும். எலும்புகள் ஆற்றடியில் பல ஆண்டுகள் கிடந்து மெல்ல மெல்லப் பாஸ்பரசை நீரில் விடும். சமவெளியில் தின்ற புல் இப்படி ஆற்றுக்குள் போய்ச் சேருகிறது.

அந்தக் கூட்டம் எப்போதுமே அவ்வளவு பெரிதாக இருந்ததா?

இல்லை, இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டுக் கொள்ளைநோய் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது. பத்தாண்டுகளுக்குள் கண்டத்தின் தென்முனை வரை பரவியது. கால்நடைகள் பெருவாரியாக மடிந்தன, அவற்றை நம்பியிருந்த மக்கள் பஞ்சத்தில் விழுந்தார்கள், எருமைகளும் வில்டபீஸ்ட்களும் செத்தன. 1960களின் தொடக்கத்தில் செரெங்கெட்டியில் இருந்தவை சுமார் இரண்டரை லட்சம் வில்டபீஸ்ட்கள்தான்.

பிறகு சுற்றுவட்டாரத்து மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். காட்டு விலங்குகளை யாரும் தொடவே இல்லை. மாடுகளிடம் நோய் நின்றதும் அவற்றிடமும் நின்றது. 1970களின் இறுதிக்குள் எண்ணிக்கை 13 லட்சத்தைத் தொட்டது. அதோடு நிற்கவில்லை: நிறைய வாய்கள் மேய்ந்ததால் காய்ந்த புல் குறைந்தது, காய்ந்த புல் குறைந்ததால் காட்டுத்தீ குறைந்தது, தீ குறைந்ததால் மரக்கன்றுகள் பிழைத்து வளர்ந்தன. மாட்டுக்குப் போட்ட ஊசி கடைசியில் மரத்தை வளர்த்தது. 2011இல் ரிண்டர்பெஸ்ட் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்து மனிதர்கள் முற்றாக ஒழித்த இரண்டாவது நோய் இது.

புல்வெளியைப் பற்றிப் பேசும்போது சதுப்பையும் ஏன் சேர்க்க வேண்டும்?

இரண்டையும் பிரித்தால் விலங்குகளுக்குப் பாதி வீடுதான் மிஞ்சும். நீர்யானையை எடுத்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் தண்ணீரில் கிடக்கும், இரவில் கரையேறி 40 கிலோ அளவுக்குப் புல் மேயும், விடியும்போது திரும்பி நீரில் சாணம் போடும். புல்லிலிருந்த சத்தும் சிலிக்காவும் இப்படி ஆற்றில் இறங்கி, நீர்ப்பாசிகளையும் மீன்களையும் வளர்க்கின்றன. ஆனால் ஆறு வற்றிக் குட்டையாகத் தேங்கும் காலத்தில் அதே சாணம் நீரின் ஆக்சிஜனை உறிஞ்சி மீன்களைக் கொல்லவும் செய்யும். ஓடும் தண்ணீரின் அளவைப் பொறுத்தது அது.

வாத்துகள் இன்னொரு உதாரணம். கனடாவிலும் அமெரிக்காவிலும் பரவியிருக்கும் பிரெய்ரிப் பள்ளங்கள், பனிப்பாறைகள் விட்டுச்சென்ற ஆயிரமாயிரம் சிறு குட்டைகள். வட அமெரிக்க வாத்துகளில் பாதிக்கு மேல் அந்தப் பகுதியில் குஞ்சு பொரிப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அவற்றில் பல இனங்கள் முட்டையிடுவது தண்ணீரில் அல்ல, தள்ளியிருக்கும் புல்லுக்குள். குட்டையைக் காப்பாற்றிவிட்டுச் சுற்றியிருக்கும் புல்வெளியை உழுதுவிட்டால் கூடு கட்ட இடமிருக்காது.

போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ ஆறு கடலுக்கே போவதில்லை. அங்கோலா மலைகளில் பெய்த மழைநீர் பல மாதங்கள் மெதுவாக நகர்ந்து, உள்ளூரில் வறட்சி உச்சத்தில் இருக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சமவெளியில் பரவும். சுற்றிலும் காய்ந்து கிடக்கும்போது அங்கே மட்டும் வெள்ளம். நீண்டு விரியும் குளம்புள்ள லெச்வே இரலைகள் முழங்கால் நீரில் ஓடிச் சிங்கத்திடமிருந்து தப்பும். அங்குள்ள தீவுகள் பலவும் கரையான் புற்றிலிருந்து தொடங்கியவை.

அசாமின் காசிரங்காவிலும் இதே உறவுதான். பிரம்மபுத்திராவின் வெள்ளம் ஆண்டுதோறும் வண்டலைக் கொண்டுவந்து உயரமான புல்லை வளர்க்கிறது. 2022 கணக்கெடுப்பில் அங்கே 2,613 ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகங்கள் இருந்தன. வெள்ளத்தில் விலங்குகள் சாவதைப் பார்க்க வேதனையாக இருக்கும். ஆனால் வெள்ளமே வராமல் போனால் அந்தப் புல்வெளி கொஞ்சம் கொஞ்சமாக மரக்காடாகிவிடும். வெள்ள நேரத்தில் விலங்குகள் ஏறிச்செல்லத் தெற்கே உள்ள கார்பி மலைகளுக்கு வழி திறந்திருக்க வேண்டும். நடுவே நெடுஞ்சாலை குறுக்கிடுவதுதான் கவலை.

குட்டை வற்றிவிட்டால் அதிலிருந்த மீன்கள் என்ன ஆகும்?

பல இறந்துவிடும். சில மட்டும் காத்திருக்கும். ஆப்பிரிக்க நுரையீரல் மீன் சேற்றுக்குள் புதைந்து, தன் கோழையாலேயே உறை செய்துகொண்டு, மாதக்கணக்கில் காற்றைச் சுவாசித்தபடி கிடக்கும். கில்லி மீன்களில் சில இனங்களின் கதை இதைவிட வியப்பானது. மொசாம்பிக் சவன்னாவில் மழைக்குப் பிறகு தேங்கும் குட்டைகளில் பிறக்கும் ஓர் இனம் இரண்டே வாரத்தில் முட்டையிடும் பருவத்தை அடைகிறது. குட்டை வற்றினால் மீன் செத்துவிடும், முட்டை காய்ந்த மண்ணில் அடுத்த மழை வரை உயிரோடிருக்கும். 'வெறும் மண்தானே' என்று மூடிவிடும் பள்ளத்துக்குள் ஒரு தலைமுறையே உறங்கிக்கொண்டிருக்கலாம்.

கழுதைப்புலி மற்ற விலங்குகளின் இரையைத் திருடித்தான் தின்னுமா?

பாவம், அதன் மேல் விழுந்த பழி அது. புள்ளிக் கழுதைப்புலி தன் இரையில் பெரும்பகுதியைத் தானே வேட்டையாடுகிறது. 1960களில் ஹான்ஸ் க்ரூக் என்ற விலங்கு ஆய்வாளர் தான்சானியாவின் கோரோங்கோரோவில் இரவெல்லாம் கண்காணித்தபோது, கழுதைப்புலிகள் கொன்ற இரையைச் சிங்கங்கள் வந்து பறித்துக்கொள்வதைப் பலமுறை பார்த்தார். பகலில் வந்து பார்ப்பவர்களுக்கு, சிங்கம் தின்பதும் கழுதைப்புலி காத்திருப்பதும்தான் தெரியும்.

தீ விலங்குகளுக்குக் கெடுதல்தானே?

எப்போது, எவ்வளவு அடிக்கடி என்பதைப் பொறுத்தது. சரியான காலத்தில், துண்டு துண்டாகப் பிடிக்கும் தீ பழைய புல்லை நீக்கிப் புதுத்துளிரைக் கொண்டுவரும், மேயும் விலங்குகள் கரிந்த தரைக்கே தேடி வரும். பறவைகள் தரையில் முட்டையிட்டிருக்கும் பருவத்தில் பரப்பு முழுவதையும் எரித்தால் பேரழிவு.

அழிவின் விளிம்பிலிருந்து மீண்ட விலங்குகள் உண்டா?

உண்டு. கஜகஸ்தான் ஸ்டெப்பியில் வாழும் சைகா, தொங்கும் பெரிய மூக்குள்ள இரலை. அந்த மூக்கு தூசியை வடிகட்டும், குளிர்காற்றைச் சூடாக்கும். 2015 மே மாதத்தில், சில வாரங்களுக்குள் 2 லட்சத்துக்கு மேற்பட்ட சைகாக்கள் செத்து விழுந்தன. அவற்றின் உடலில் வழக்கமாகத் தீங்கின்றி இருக்கும் ஒரு பாக்டீரியா, வழக்கத்துக்கு மாறான வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் உயிர்க்கொல்லியாக மாறியது. இனமே முடிந்தது என்று பலர் பயந்தார்கள். ஆனால் சைகா பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். வேட்டையைத் தடுத்து, நிலத்தைத் துண்டாடாமல் விட்டதில் 2023 கணக்கில் 19 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

மங்கோலியாவின் காட்டுக்குதிரை தாகி 1969க்குப் பிறகு இயற்கையில் காணப்படவே இல்லை. விலங்குக் காட்சிச்சாலைகளில் தப்பிய கொஞ்சத்தின் வழிவந்தவற்றை 1992இல் மறுபடி ஸ்டெப்பியில் விட்டார்கள். இன்று அவை தாமாகவே குட்டி ஈன்று திரிகின்றன.

எல்லோருக்கும் அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. இந்தியாவின் கானமயில் 15 கிலோ வரை எடையுள்ள பறவை. ஒரு பருவத்தில் பெரும்பாலும் ஒரே முட்டை. கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் பறக்கும்போது எதிரே வரும் மின்கம்பியைக் கவனிக்காமல் மோதிவிடும். இப்போது எஞ்சியிருப்பவை சுமார் 150தான். அது வாழ வேண்டிய வெளிகளில்தான் காற்றாலையும் சூரிய மின்பண்ணையும் வருகின்றன. கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோவது செலவுதான். கானமயிலுக்காக அந்தச் செலவைச் செய்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வெறுமையாகக் கிடக்கும் புல்வெளியில் மரம் நட்டால் நல்லதுதானே?

நல்ல மனதோடு கேட்கப்படும் கேள்வி இது. ஆனால் தயவுசெய்து வேண்டாம். புல்வெளி தன் கார்பனைப் பெரும்பாலும் வேரிலும் மண்ணிலும் சேர்த்துவைக்கிறது. தீ வந்தாலும் அது அங்கேயே இருக்கும். மரம் வந்தால் தரையில் முட்டையிடும் பறவைகளுக்கு ஆபத்து. காகமும் வல்லூறும் கிளையில் உட்கார்ந்து கூட்டை எளிதாகக் கண்டுபிடித்துவிடும். தூரம்வரை பார்த்துத் தப்பிக்கும் வெளிமானுக்குப் பார்வை மறைந்துவிடும். குஜராத்தின் வேலாவதரில் ஒவ்வொரு குளிர்காலமும் நூற்றுக்கணக்கான பூனைப்பருந்துகள் வடக்கிலிருந்து வந்து அந்தியில் கூடுகின்றன. அவை இரவைக் கழிப்பது மரத்தில் இல்லை, தரையில், புல்லுக்குள். காடு இருந்து அழிந்த இடத்தில் மரம் நடுங்கள், அதற்கு இடம் நிறையவே இருக்கிறது.

பார்க்கப் போனால் என்ன கவனிக்க வேண்டும்?

விடியலும் அந்தியும் சிறந்த நேரம். வண்டித்தடத்தை விட்டு இறங்க வேண்டாம், புல்லுக்குள் முட்டைகள் இருக்கும். நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒருபோதும் நிற்கக் கூடாது. பைசன் (வட அமெரிக்கக் காட்டெருது) சாதுவாகத் தெரிந்தாலும் நம்மைவிட மிக வேகமாகப் பாயும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் அதிலிருந்து குறைந்தது 23 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு விலங்கு மேய்வதை நிறுத்தி உங்களையே பார்க்கிறது என்றால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள்.

புல்லுக்குள் தனியாக ஒரு குட்டி கிடக்கிறது, தாயைக் காணோம். தூக்கிவரலாமா?

தொடாதீர்கள். வில்டபீஸ்ட் கன்று தாயோடு ஓடும் வகை. வெளிமான், கஸல் குட்டிகள் முதல் சில நாட்கள் அசையாமல் படுத்துக்கிடக்கும் வகை. அந்த வயதில் அவற்றின் உடலில் வாசனை மிகக் குறைவு. தாய் அருகிலேயே நின்றால் அதன் வாசனையை வைத்து ஓநாயும் நரியும் குட்டியைக் கண்டுபிடித்துவிடும். அதனால்தான் தாய் வேண்டுமென்றே தள்ளி மேய்கிறது. ஒரு நாளில் சில தடவை மட்டும் வந்து பால் கொடுத்து, குட்டியை நக்கிச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி விலகிப்போகும். நீங்கள் பக்கத்தில் நிற்கும்வரை அது வராது, எங்கோ தூரத்திலிருந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பிப் போய்விடுங்கள். உடம்பில் காயம் தெரிந்தாலோ, ஈ மொய்த்தாலோ மட்டும் இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.